கேட்டால்தான் அவுட்

ரங்கூனில் ஒரு தமிழனைப் பார்த்ததும் வெளிநாட்டுக்காரர்கள் இரண்டு விஷயங்களைத் தாங்களாகவே முடிவு செய்துகொள்வார்கள். இவனுக்குக் காரம் பிடிக்கும், இவனுக்குக் கிரிக்கெட் தெரியும். காரம் உண்மைதான். கிரிக்கெட்டைப் பொறுத்தவரை, எங்கள் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் இங்கிலாந்துக் கால்பந்துக் குழுக்களுக்காக ஒருவரோடு ஒருவர் மல்லுக்கு நிற்கிறவர்கள். கையில் மட்டையைக் கொடுத்தால் விறகு பிளக்கப் போகிற மாதிரி பிடிப்பார்கள். அதனால், "நீங்கள் இந்திய வம்சம்தானே, கிரிக்கெட் ஆடுவீர்கள் அல்லவா?" என்று யாராவது கேட்டால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். என் முப்பாட்டன் ரயில் பாதையில் கட்டை சுமக்க வந்தவர். அவர் மட்டையும் பந்தும் எடுத்துக்கொண்டு கப்பல் ஏறியதாக எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை.

கோபம் வரும் என்றுதான் சொன்னேன்; அதைக் காட்டுவேன் என்று சொல்லவில்லை. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும், வாய் வழியாக மட்டும் வராது. இதில் எனக்கே எரிச்சலான விஷயம் என்னவென்றால், நான் கிரிக்கெட் ஆடுகிறவன். கோயில் டீமின் விக்கெட் கீப்பர்.

எங்கள் தமிழ்க் கூட்டத்தில் வருஷத்துக்கு ஒரு பெரிய மேட்ச். பொங்கலுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, தங்கள் பூசை முடிந்ததும் சர்ச் டீம் வரும். கோயில் டீம் ஏற்கெனவே வந்து பாய் விரித்து வைத்திருக்கும். பாய் என்றால் தேங்காய் நார்ப் பாய், அதன் மேல்தான் பந்து வீசுவோம். மைதானம் மிங்கலாடோனில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில். தலைக்கு மேல் விமானம் போகும்போது பக்கத்தில் நிற்பவன் பேசுவதுகூடக் காதில் விழாது. சுற்றுவட்டாரத்தில் சில பட்டாளத்துச் சுவர்களுக்கு அந்தப் பக்கம் பந்து விழுந்தால் யாரும் போய் எடுத்துவர முடியாது, எடுத்துவர ஆசைப்படவும் மாட்டோம். ஆகவே அந்தத் திசையில் சிக்ஸர் அடித்தால் அவுட் என்பது எங்கள் சொந்த விதி. கால் பேடு, கையுறை எல்லாம் இரண்டு டீமுக்கும் பொது. ஆட்டம் முடிந்ததும் டான்பௌக், அதாவது பர்மா பிரியாணி, அண்டாவோடு வந்து இறங்கும். உண்மையில் பலரும் வருவது அதற்காகத்தான்.

அம்பயர் என் மாமனார். மருந்துக் கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் கூட்டத்திலேயே வெள்ளைக் கோட்டு சொந்தமாக வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான், அதுதான் தகுதி. வேறு அம்பயர் இல்லாததால் ஒவ்வொரு ஓவர் முடிந்ததும் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு அவரே நடந்து போவார். எல்லாருக்கும் அவர் மாமாதான், சர்ச் டீமுக்கும் சேர்த்து.

இப்போது ஒரு பர்மியச் சொல்லைச் சொல்லியாக வேண்டும். ஆனாடே. நாம் ஒன்றைக் கேட்டால் எதிரே இருப்பவருக்குச் சங்கடமாகிவிடுமே என்று வாயை மூடிக்கொள்வதற்குப் பெயர் அது. பர்மியர்களிடம் தலைமுறை தலைமுறையாகப் பழகியதில் எங்களுக்கும் அது ரத்தத்தில் ஊறிவிட்டது. எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே ஊறிவிட்டது. பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்தால் சத்தம் போட்டு நிறுத்தச் சொல்ல மாட்டேன். வேறு யாராவது இறங்குகிற இடம்வரை போய் அங்கிருந்து திரும்பி நடப்பேன். விருந்தில் ரசம் வேண்டும் என்று கேட்டதில்லை. பெண் கேட்கவே என் சித்தப்பாவை அனுப்பினேன், அவர் கேட்டுக்கொண்டிருந்தபோது நான் தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன்.

இப்படிப்பட்டவர்கள் ஆடுகிற கிரிக்கெட்டில் அப்பீல் எங்கே இருக்கும்? வெள்ளைக் கோட்டு போட்ட பெரியவரைப் பார்த்துக் கையை நீட்டிக் கத்துவதாவது! ஸ்டம்ப் விழுந்தால் அவுட். பந்தை மேலே அடித்து யாராவது பிடித்துவிட்டால் அவுட். மற்றபடி, மட்டை பிடித்தவருக்குத் தான் அவுட் என்று மனசாட்சி சொன்னால் அவராகப் போவார். எல்.பி.டபிள்யூ. என்ற ஒன்று எங்கள் ஆட்டத்தில் இருந்ததே இல்லை. பந்து காலில் பட்டால், பட்டவரிடம் போய் "வலிக்குதா?" என்று விசாரிப்போம்.

இந்தக் கூட்டத்துக்குள்தான் நான் அந்த இங்கிலாந்துக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

பாட்டரி, இன்வெர்ட்டர் மாட்டிக் கொடுப்பது என் தொழில். இந்த ஊரில் கரண்ட் இருக்கிற நேரத்தைவிட இல்லாத நேரம் அதிகம் என்பதால் வேலைக்குப் பஞ்சமில்லை. தாமுவேயில் ஒரு நாலாம் மாடி வீட்டில் இன்வெர்ட்டர் கத்திக்கொண்டே இருக்கிறது என்று கூப்பிட்டார்கள். மத்தியான வெயிலில் படியேறிப் போனேன். நரைத்த தலை, நெட்டை உருவம், இடுப்பில் கட்டிய லோன்ஜியை, அதாவது பர்மாக் கைலியை, அவிழ்ந்துவிடுமோ என்று ஒரு கையால் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்தார். ஒரு சர்வதேசப் பள்ளிக்கூடத்தில் விளையாட்டும் பூகோளமும் சொல்லிக்கொடுப்பதாகச் சொன்னார். வேலை முடிந்து கிளம்பும்போதுதான் மேசையில் ஒரு சிவப்புப் பந்தைப் பார்த்தேன். பழக்க தோஷம், எடுத்துத் தையல் விரலில் படுகிற மாதிரி ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு வைத்தேன்.

"ஆடுவாயா?" என்றார் இங்கிலீஷில்.

"கீப்பர்" என்றேன்.

அவர் முகத்தில் அப்போதுதான் கரண்ட் வந்தது.

அவர் ஒரு காலத்தில் கவுண்டி கிரிக்கெட்டில் பல வருஷங்கள் பந்து வீசியவர், ஆஃப் ஸ்பின்னர், தன் நாட்டுக்காக ஒரே ஒரு டெஸ்ட் ஆடியவர் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அவரை ஸயா என்று கூப்பிட்டார்கள். வாத்தியார், ஐயா, பெரியவர் எல்லாம் சேர்ந்த மரியாதைச் சொல் அது. நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். என்னுடைய இங்கிலீஷ் பாட்டரி விற்கிற அளவுக்குத்தான். அவருடைய பர்மியம் காய்கறி வாங்குகிற அளவுக்கு. இரண்டையும் கலந்து பேசிக்கொண்டோம்.

முதல் நாள் பயிற்சியில் அவர் வீசிய பந்து எங்கள் டீம் பையன் ஒருவனின் காலில் பட்டது. "வலிக்குதா?" என்று கேட்க நான் வாயைத் திறப்பதற்குள், ஸயா சுழன்று திரும்பி, முழங்காலை மடக்கி, இரண்டு கைகளையும் விரித்து, மாமாவின் முகத்துக்கு நேராக ஒரு கர்ஜனை செய்தார். பக்கத்து வீட்டு அம்மா தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து வாளியோடு ஓடி வந்தார். மாமா இரண்டடி பின்னால் போய்விட்டார்.

"என்ன வேணுமாம் அவருக்கு?" என்று என்னைக் கேட்டார்.

"அவுட் வேணுமாம், மாமா."

"அவ்ளோதானா? அதுக்கு ஏன் இப்படிப் பதறணும்? எடுத்துக்கச் சொல்லு." சொல்லிவிட்டு விரலை உயர்த்தினார்.

அன்றிலிருந்து ஸயா கேட்டதெல்லாம் அவுட். காலில் பட்டாலும் அவுட், தோளில் பட்டாலும் அவுட். ஒரு நாள் பந்து எதிலும் படாமல் என் கைக்கு வந்தது, அதற்கும் அவுட். ஸயாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இந்த ஊர் நார்ப் பாயில் தன் பந்து முன்னைவிட நன்றாகத் திரும்புகிறது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தாராம். நான் மாமாவிடம் மெல்லச் சொல்லிப் பார்த்தேன்.

"அதெல்லாம் தெரியாமலா குடுக்கிறேன் மாப்ளே? நம்மள நம்பி வந்த மனுஷர். வாயைத் திறந்து கேக்கிறாரு. இல்லேன்னு எப்படிச் சொல்றது? ஆனாடே" என்றார்.

குட்டு ஒரு சனிக்கிழமை உடைந்தது. ஸயாவுக்கே சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். ஓடி வந்தார், கையைச் சுற்றினார், ஆனால் பந்தை விடவில்லை. பந்து கையிலேயே இருக்க, திரும்பி நின்று வழக்கமான கர்ஜனையைச் செய்தார். மாமா விரலை உயர்த்தினார். மட்டை பிடித்த பையன் மறுபேச்சில்லாமல் மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடையைக் கட்டினான்.

ஸயா சிரிப்பார் என்று எதிர்பார்த்தோம். அவர் பந்தைப் பாயின் மேல் வைத்துவிட்டுப் போய் மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார்.

மிங்கலா தாங்ஞுன்டில் ரயில் பாதையை ஒட்டி ஒரு டீக்கடை உண்டு. அன்று அவரை அங்கே அழைத்துப் போனேன். குட்டை ஸ்டூலில் அந்த நெட்டை மனிதர் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்தார். பால் கனத்த டீயை இரண்டு கோப்பை குடித்து முடித்தார். பிறகு பேசினார். அவருடைய பந்துவீச்சுக் காலம் முழுவதையும் நான் கேட்டது அந்த ஸ்டூலில்தான்.

அவர் ஊரில் எப்போதும் மழையாம். சுழல்பந்து வீச்சாளரின் பாதி வேலை ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டிருப்பது என்றார். மழை விட்டால் புதுப் பந்து வேகப்பந்துக்காரர்களுக்கு. அவர்கள் மூச்சு வாங்கினால், வெயில் ஏறினால், எதிராளி அசையாமல் நின்றுவிட்டால் அப்போது கேப்டனுக்கு இவர் ஞாபகம் வரும்.

"அப்ப நீங்களும் இன்வெர்ட்டர்தான்" என்றேன். "கரண்ட் போனாத்தான் உங்கள நெனப்பாங்க."

முதல் முறையாக அன்று சிரித்தார். வலது ஆள்காட்டி விரலைக் காட்டினார். நடு முட்டி இஞ்சித் துண்டு மாதிரி வீங்கி ஒரு பக்கம் வளைந்திருந்தது. பந்தைத் திருப்பித் திருப்பி வந்தது. ஒவ்வொரு வருஷமும் ஆட்டக் காலம் தொடங்கும்போது அந்த விரலில் தோல் கிழியும், பிறகு காய்த்துப்போகும். குளிர்காலத்தில் ஆட்டம் கிடையாது. கம்பளக் கடையில் வேலை பார்ப்பாராம். ஒரு குளிர்காலத்தில் அந்தக் கடைக்குத்தான் போன் வந்தது. வெயில் கொளுத்துகிற ஒரு நாட்டில் ஆடப் போயிருந்த இங்கிலாந்து அணியின் சுழல்பந்து வீச்சாளருக்கு வயிறு கெட்டுப்போய்விட்டது, உடனே புறப்பட்டு வா என்று.

போனார். தொப்பி கொடுத்தார்கள். நாள் முழுக்க வீசினார், விக்கெட் இல்லை. மறுநாள் ஒரு பந்து. ஆஃப் ஸ்பின்னரின் பந்து உள்ளே திரும்பும் என்றுதான் எல்லாரும் எதிர்பார்ப்பார்கள். அவரிடம் திரும்பாமல் நேராகப் போகிற பந்து ஒன்று இருந்தது. பத்துப் பதினைந்து வருஷம் பந்தைத் திருப்பக் கற்றுக்கொண்டவர், தன் வாழ்நாளில் போட்ட மிக நல்ல பந்து அந்தத் திரும்பாத பந்துதான் என்றார். மட்டையின் வெளி ஓரத்தை மயிரிழை அளவு தொட்டுவிட்டுக் கீப்பரின் கைக்குள் போனது. கூட்டம் மேளம் அடித்துக்கொண்டிருந்தது. கீப்பருக்குச் சத்தம் கேட்கவில்லை. அதனால் அவர் அப்பீல் கேட்கவில்லை. ஸயாவுக்குக் கேட்டது. ஆனால் புதுசாக வந்த ஆள். கீப்பர் முகத்தைப் பார்த்தார். பக்கத்தில் நிற்கிறவனே கேட்காதபோது நமக்குத்தான் பிரமையோ என்று வாயை மூடிக்கொண்டார். யாரும் கேட்காமல் அம்பயர் அவுட் கொடுக்கவே கூடாது, அது கிரிக்கெட்டின் சட்டம். சாயங்காலம் டிவியில் மெதுவாக ஓட்டிக் காட்டினார்கள். பட்டிருந்தது. அதற்குள் மட்டை பிடித்த அந்த ஆள் சதம் அடித்துவிட்டிருந்தார். ஸயாவை அதற்கப்புறம் யாரும் கூப்பிடவில்லை. ஒரு டெஸ்ட், சைபர் விக்கெட்.

"அன்றைக்கு மூடிய வாயை அதற்கப்புறம் நான் மூடவே இல்லை" என்றார். அடுத்த மேட்சிலிருந்து எல்லாவற்றுக்கும் அப்பீல். அவர் ஊர்ப் பத்திரிகைகளில் அதை வைத்துக் கேலிச்சித்திரம்கூடப் போட்டார்களாம். "கத்திக் கத்தி எத்தனையோ விக்கெட் வாங்கினேன். அவற்றில் எத்தனை சத்தத்துக்குக் கிடைத்தது, எத்தனை பந்துக்குக் கிடைத்தது என்று எனக்கே தெரியாது. இங்கே வந்தால் உன் மாமனார் மரியாதைக்குக் கொடுக்கிறார்."

எனக்குப் பாவமாக இருந்தது. தமிழில் காதில் விழுவதற்கும் வாயால் கோருவதற்கும் ஒரே வார்த்தைதான் என்று சொன்னேன். சத்தம் கேட்டது, அவுட் கேட்டேன். கேட்கவில்லை என்றாலும் அப்படித்தான், காதில் விழவில்லை என்றும் பொருள், கோரவில்லை என்றும் பொருள். அவர் நம்பவில்லை. பக்கத்து ஸ்டூல்காரரிடம் விசாரித்தார். அவர் மோன் இனத்துக்காரர், தமிழ் தெரியாது, உதவவில்லை. கடைசியில் என் வாயைப் பார்த்துப் பார்த்துச் சொல்லிக் கற்றுக்கொண்டார். "கேட்டேன். கேக்கல. கேட்டேன். கேக்கல."

"அந்தக் கீப்பர் கேக்கல, அதனால் கேக்கல" என்று தானே சொல்லிவிட்டு மேசையைத் தட்டினார். "என் டெஸ்ட் கிரிக்கெட் மொத்தமும் உங்கள் பாஷையில் ஒரே வார்த்தை!"

அன்றைக்கு ஒரு சபதம் செய்தார். இனி இந்த ஊரில் அவர் அப்பீல் செய்ய மாட்டார். கீப்பர்தான் கேட்க வேண்டும். "நீ யாரிடமும் எதையும் கேட்டதில்லை. நீ கேட்டு ஒரு அவுட் கிடைத்தால் அது நிஜ அவுட். எனக்கு அப்படி ஒன்றே ஒன்று போதும்."

மாமாவிடம் போய் விதியைச் சொன்னேன். யாரும் கேட்காமல் அம்பயர் கொடுக்கக் கூடாதாம் என்றதும் அவருக்கு ஒரே உற்சாகம். "பாத்தியா! இத்தனை வருஷமா எல்.பி.டபிள்யூ. குடுக்கலேன்னு என்னையத்தானே சொன்னீங்க? யாரு கேட்டீங்க?"

மாமாவுக்குச் சுலபம். எனக்குத்தான் உயிர் போயிற்று. ஸயா எனக்குப் பயிற்சி வைத்தார். பந்து பிடிக்க அல்ல, கத்த. பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு தென்னை மரத்தைக் காட்டி, அதுதான் மாமா, கேள் என்பார். நான் கேட்பேன். வறண்ட குழாயில் வருகிற காற்று மாதிரி ஒரு சத்தம் வரும். வீட்டில் குளிக்கும்போது முயற்சி செய்தேன். வெளியிலிருந்து என் மனைவி, "என்னங்க, நெஞ்சுச் சளியா? மாத்திரை வேணும்னா அப்பாகிட்ட கேளுங்க" என்றாள். அவரிடம் கேட்கத்தானே இந்தப் பாடு.

மாதங்கள் ஓடின. பயிற்சியில் நிஜமான அவுட் எத்தனையோ வந்தது. ஒவ்வொரு முறையும் ஸயா வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்ப்பார். நான் பந்தைப் பார்ப்பேன். "யாபாதே" என்பார், பரவாயில்லை என்று. அந்தப் பரவாயில்லையைக் கேட்கக் கேட்க எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வரும்.

மார்கழிக் குளிரில் ஒரு நாள் செய்தி சொன்னார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள். மார்ச்சோடு அவருக்கு வேலை இல்லை, ஊருக்குத் திரும்புகிறார். பொங்கல் மேட்ச்தான் கடைசி. விரல் இனிமேல் தாங்காது, ஊரிலும் வீச மாட்டாராம். "ஒரு விக்கெட்" என்று மட்டும் சொல்லி என் தோளைத் தட்டினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் டீம் வந்து இறங்கியதும் அவர்களுடைய ஃபாதர் ஸயாவைப் பார்த்து, "நியாயப்படி இவர் எங்க ஆளு. கோயில்காரங்க கடத்திட்டீங்க" என்றார். ஃபாதர் திருநெல்வேலி வழித் தமிழர், இங்கேயே பிறந்து வளர்ந்தவர், நாற்பதைத் தாண்டியும் கட்டுக்கோப்பான உடம்பு. அவர்கள் டீமில் உண்மையாகவே மட்டை பிடிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். என் மகளுக்குச் சாயங்கால வகுப்பில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். பாடத்துக்காக நாங்கள் கொடுத்த பழக்கூடையைக்கூடச் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தவர். இப்படிப்பட்டவருக்கு எதிராக யாராவது வாயைத் திறக்க முடியுமா?

நாங்கள் ஆடி ஏதோ ஓட்டங்கள் சேர்த்தோம். பிறகு அவர்கள் ஆட வந்தார்கள். ஸயா அன்று போட்ட மாதிரி நான் பார்த்ததே இல்லை. பந்து பாயில் விழுந்ததும் உஸ்ஸென்று உள்ளே திரும்பியது. பலன்தான் இல்லை. எங்கள் பையன்கள் கைக்கு வந்த கேட்ச்களை எல்லாம் கீழே போட்டார்கள். ஒருவன் கேட்சை விட்டபோது லோன்ஜியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். கால்சட்டை போட்டு வா என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன், கேட்டால்தானே! ஃபாதர் நங்கூரம் பாய்ச்சி நின்றார். மற்றவர்களின் விக்கெட்டுகளை வேறு பையன்கள் எடுத்தார்கள். ஸயாவுக்கு மட்டும் ஒன்றுமில்லை. அவருடைய கடைசி ஓவர் வந்தபோது சர்ச் டீம் ஜெயிக்க ஏழெட்டு ஓட்டங்கள்தான் பாக்கி. டான்பௌக் அண்டா வந்து மூடி திறந்தாயிற்று, பாதிப் பேருடைய முகம் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

ஸ்டம்புக்கு ஒட்டிக் குனிந்து நின்றேன். திரும்பாத பந்து போடுவதற்கு முன்னால் ஸயா மூக்கைச் சுருக்குவார். அது அவருக்கே தெரியாது, எனக்கு மட்டும் தெரியும். ஓட ஆரம்பிக்கும்போது மூக்கைச் சுருக்கினார். அதே நேரத்தில் சுவர்களுக்கு அப்பாலிருந்து ஒரு விமானம் கிளம்பித் தலைக்கு மேலே வந்தது. எல்லாச் சத்தமும் அதற்குள் மூழ்கிப்போனது.

ஃபாதர் பந்து உள்ளே திரும்பும் என்று மட்டையை வைத்தார். அது திரும்பவில்லை. மட்டையின் ஓரத்தைத் தாண்டும்போது பந்தின் தையல் ஒரு சின்ன அசைவு அசைந்தது. கண்ணால் பார்த்தேன். பந்து என் கையுறைக்குள் வந்து அடங்கியது.

ஒருவரும் அசையவில்லை. ஃபாதர் நின்ற இடத்தில் நின்றார். மாமா விமானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஸயா என்னைப் பார்த்தார். வாயை இறுக மூடியிருந்தார், சபதம் அல்லவா. ஆனால் அந்த முகம்! மேளச் சத்தத்துக்கு நடுவில் இன்னொரு கீப்பரை அவர் இப்படித்தான் பார்த்திருப்பார் என்று எனக்குத் தோன்றியது.

கத்தினேன். தென்னை மரத்திடம் கற்றுக்கொண்ட இங்கிலீஷ் ஒன்றும் வாயில் வரவில்லை.

"மாமா! கேக்குறேன்!"

மாமா காதில் கையை வைத்தார். "என்னது? கேக்கல!"

"கேக்குறேன் மாமா!"

"கேக்கலப்பா! சத்தமாச் சொல்லு!"

"கேக்குறேங்கிறேன்ல! அவுட் கேக்குறேன்! ஃபாதருக்கு அவுட் கேக்குறேன்!"

கடைசி வாக்கியத்துக்குள் விமானம் போய்விட்டது. அமைதியான மைதானத்தில் என் குரல் மட்டும் அண்டாவரை போய் எதிரொலித்தது. கரண்டி பிடித்தவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். என் மனைவி பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றாள். மைதானமே என்னைத்தான் பார்த்தது.

"இப்ப கேட்டுச்சு" என்றார் மாமா.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பொண்ணு கேக்கவே சித்தப்பாவ அனுப்பின ஆளு இவன்" என்று பொதுவாக எல்லாருக்கும் அறிவித்தார். "எங்கிட்ட இதுவரைக்கும் ஒரு டம்ளர் தண்ணி கேட்டதில்ல. இவன் வாயைத் திறந்து கேக்கிறான்னா பட்டுத்தான் இருக்கணும்." கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, மிக மெதுவாக, விரலை உயர்த்தினார்.

நான் ஃபாதரின் பக்கம் திரும்பவே பயந்தேன். அவர் மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சிரித்தார். "நல்லாவே பட்டுச்சுப்பா. கையில உணர்ந்தேன்."

"அப்ப ஏன் ஃபாதர் நீங்களே போகல?"

"போகத்தான் நெனச்சேன். அதுக்குள்ள நீ கேப்பியா மாட்டியான்னு பாக்கணும்னு ஆசை வந்திருச்சு" என்று என் முதுகில் ஒன்று போட்டுவிட்டு நடந்தார்.

ஸயா துள்ளவில்லை, கத்தவில்லை. பாயின் மேல் அப்படியே உட்கார்ந்து அந்த வளைந்த விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த பந்துகளைப் போட்டார், அவற்றில் சர்ச் டீம் ஜெயித்தது. அதை யாரும் பொருட்படுத்தவில்லை, சர்ச் டீம் உட்பட.

சாப்பிட உட்கார்ந்தபோது எனக்குப் பக்கத்தில் வந்து அமர்ந்தார். தட்டைத் தொடவில்லை. கடைசியில் கேட்டுவிட்டார். தலைக்கு மேல் விமானம் போய்க்கொண்டிருந்ததே, அந்தச் சத்தத்தில் பந்து மட்டையில் பட்டது உனக்கு எப்படிக் கேட்டது? உண்மையைச் சொல். இதுவும் எனக்காகச் செய்த மரியாதையா?

நல்ல ஆள்! வாழ்நாளில் முதன்முதலாக வாயைத் திறந்திருக்கிறேன், அதையும் ஆனாடே என்று சந்தேகப்படுகிறார். எனக்கு மூக்குக்கு மேல் வந்தது. இந்த முறை அது வாய் வழியாகவே வெளியே வந்தது.

"கேக்கல, ஸயா" என்றேன். "பாத்தேன். கேக்கல. ஆனா கேட்டேன்!"

அவர் அந்த இரண்டு வார்த்தைகளையும் டீக்கடையில் செய்த மாதிரியே உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தார். கேக்கல. கேட்டேன். காதில் விழவில்லை, ஆனாலும் கோரினேன். அது விளங்க ஒரு வாய் சாப்பிடுகிற நேரம் ஆயிற்று. கண் கலங்கிவிட்டது. பிறகு தட்டை ஓரமாக வைத்துவிட்டு எழுந்தார், முழங்காலை மடக்கினார், இரண்டு கைகளையும் விரித்தார், மாதக்கணக்கில் அடக்கி வைத்திருந்த அந்தக் கர்ஜனையை மிங்கலாடோன் வானத்தைப் பார்த்து விட்டார்.

வாய் நிறைய டான்பௌக்கோடு உட்கார்ந்திருந்த மாமா திடுக்கிட்டு நிமிர்ந்தார். என்ன ஏது என்று பார்க்கவில்லை. நெய் வழிகிற விரலை உயர்த்திவிட்டு மறுபடி சாப்பிட ஆரம்பித்தார்.